மூன்று டாக்டர்களும் ஓர் இடது காலும்

சௌந்தரராஜன் எதையும் ஒரு தடவை பார்த்து நம்பியவரில்லை. ஹைதராபாத்தில் குஷாய்குடா பக்கத்துப் பெரிய அரசு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷமாக இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறார். அந்தப் பிரிவில் ஒவ்வொரு கருவியையும் மூன்று பேர் தனித்தனியாகச் சோதிப்பார்கள். முதல் ஆள் எழுதிய அளவு இரண்டாவது ஆளுக்குத் தெரியக் கூடாது. இரண்டு பேர் எழுதியதும் மூன்றாவது ஆளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் மனுஷன் கண் தானாகவே அந்த எண்ணைத் தேட ஆரம்பித்துவிடும். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் பாஸ். இந்த விதியை அவர் தொழிற்சாலை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வருகிற ஆளாக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது.

ஆனால் மனுஷர் அதை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். சாம்பாரில் உப்பு சரியா என்று மனைவி சகுந்தலா கேட்டால், "இரு, முதல்ல பொண்ணு டேஸ்ட் பண்ணி மனசுக்குள்ள வெச்சுக்கட்டும். அப்புறம் நான். அப்புறம் நீ. யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்பார். சாம்பார் ஆறிப்போகும். வீட்டுச் சுவரில் ஈரம் ஊறியபோது மூன்று மேஸ்திரிகளை அழைத்து, ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் மூச்சுவிடாமல் காட்டினார். மூன்று பேரும் மூன்று இடத்தைக் காட்டினார்கள். ஈரம் நான்காவது இடத்திலிருந்து வந்தது என்று அடுத்த மழையில்தான் தெரிந்தது. அதற்கும் அவர் விதியைக் குறை சொல்லவில்லை, மேஸ்திரிகளைத்தான் சொன்னார்.

ஐம்பத்து நான்கு வயதில் இந்த மனுஷர் ஓட ஆரம்பித்த கதை வேறு. மகள் சுபாஸ்ரீ படிப்பை முடித்து ஐ.டி. கம்பெனியில் சேர்ந்ததும், விடியற்காலையில் சைனிக்புரி வரை ஓடிவிட்டு வருவதை வழக்கமாக்கிக்கொண்டாள். இருட்டு, தெரு நாய்கள், பெண் தனியாகப் போகிறாள் என்று சகுந்தலா புலம்பித் தீர்த்ததால் இவர் காவலுக்கு ஸ்கூட்டரில் பின்னாலேயே போனார். நாலு நாள் போனார். புகை மூக்கில் ஏறுகிறது என்று மகள் சண்டை பிடித்ததும் ஐந்தாம் நாள் ஸ்கூட்டரை விட்டுவிட்டு நடந்தார். நடந்தால் அவளைப் பிடிக்க முடியவில்லை. ஆகவே ஓடினார். மகளும், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.

அங்கேதான் அவருக்கு ஒரு புதையல் கிடைத்தது. அந்தப் பெண் எட்டு வயதிலேயே வீட்டில் தமிழில் பதில் சொல்வதை நிறுத்தியிருந்தாள். இவர் "சாப்டியாம்மா" என்றால் அவள் "தின்னானு" என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போவாள். பதினைந்து வயதுக்குப் பிறகு எந்த மொழியிலும் அதிகம் பேசவில்லை. என்ன விஷயம் என்று கேட்டால் "ஏமிலேது." ஒன்றுமில்லை. அத்தோடு கதவு சாத்திக்கொள்ளும். அப்படிப்பட்டவள் ஓடும்போது பேசினாள். மூச்சு வாங்க, தப்பும் தவறுமாக, தமிழிலேயே பேசினாள். ஆபீஸில் எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டிய மேனேஜர், அவளோடு பேச்சை நிறுத்திவிட்ட சிநேகிதி அஸ்வினி, தனக்கு எதுவுமே சரியாக வராதோ என்ற பயம் எல்லாம் வந்தன. ஒவ்வொரு நாளும் வீட்டு கேட் வந்ததும் பாதியில் நிற்கும், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஏன் ஓடும்போது மட்டும் பேசுகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயம்.

இந்த நிலையில் அவளுக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தது. செப்டம்பர் முதல் தேதி அங்கே இருக்க வேண்டும். அதற்கு முன், ஆகஸ்ட் கடைசி ஞாயிறு ஊரில் நடக்கும் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இருவர் பெயரையும் அவளே பதிவு செய்தாள். "அப்பா, மனம் இத்தரம்" என்றாள். நாம் இரண்டு பேரும் என்று அர்த்தம். அந்த இரண்டு சொல்லை அவர் தொழிற்சாலை வரை மனதில் சொல்லிக்கொண்டே போனார்.

ஜூலை பத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பத்து கிலோமீட்டர் ஓடி வந்து ஷூவைக் கழற்றும்போது இடது காலில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, முன்பக்க எலும்பின் உள்ளோரமாக ஒரு வலி இருந்தது. விரல் வைத்தால் ஒரே இடத்தில் சுருக்கென்றது. காலண்டரைப் பார்த்து எண்ணினார். அன்றையதையும் சேர்த்து ஓட்ட நாள் வரை நாற்பத்து மூன்று காலைகள். வலியைப் பற்றி வீட்டில் சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் வலி போகாததால் கம்பெனி டிஸ்பென்சரிக்குப் போனார். டாக்டர் இராமச்சந்திரன் ரொம்ப வருஷப் பழக்கம். அவர் அந்த இடத்தை அழுத்தியதும் சௌந்தரராஜன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"சதையா இருக்கலாம், எலும்பாவும் இருக்கலாம். ரெண்டு வாரம் ஓடாதீங்க. வலி மாத்திரை எழுதறேன், காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, பத்து நாள். மாத்திரைல வலி கொறைஞ்சிடுச்சுன்னு ஓடப் போயிடாதீங்க" என்றார் டாக்டர்.

இரண்டு வாரம் என்றால் பதினான்கு காலைகள். மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்த சௌந்தரராஜன், தொழிற்சாலை வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தனக்குத் தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். இது ஒரு ஆள் எடுத்த ஒரே அளவு. ஓர் அளவை வைத்து எதையும் ஒதுக்கக் கூடாது.

இரண்டாவது ஆள் சைனிக்புரியில் பிசியோதெரபி நிலையம் வைத்திருக்கும் சரத். ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஓடுகிறவர்கள் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். சௌந்தரராஜன் போன அன்று எட்டு மணிக்கு மாத்திரை போட்டிருந்தார். பத்து மணிக்குச் சரத் முன்னால் படுத்தார்.

"ஏற்கெனவே யாரிடமாவது காட்டினீர்களா? மாத்திரை ஏதாவது?" என்று சரத் ஹிந்தியில் கேட்டார்.

"நஹீ" என்றார் சௌந்தரராஜன்.

பொய்தான். ஆனால் அவர் கணக்கில் அது பொய்யில்லை, ஒழுக்கம். இரண்டாவது ஆளிடம் முதல் ஆளின் அளவைச் சொல்வதுதான் அவருக்குப் பாவம். சரத் அழுத்திப் பார்த்தார். இவர் நேர்மையாகவே யோசித்து, கொஞ்சம் மந்தமாக வலிக்கிறது என்றார். மந்தமாகத்தான் வலித்தது. மாத்திரை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கெண்டைக்கால் சதை இறுகியிருக்கிறது, நீட்டி மடக்குங்கள், பட்டை ஒட்டி விடுகிறேன், மெதுவாக ஓடலாம் என்றார் சரத். ஓடலாம் என்ற சொல்லைக் கேட்டதும் இவருக்கு அவர் மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிட்டது. மூன்றாவது அளவு வேண்டும். எலும்பு நிபுணர் டாக்டர் ஸ்மிதாவைப் பார்க்க ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். உள்ளே போவதற்கு முன் கழிவறைக்குள் புகுந்து, சரத் ஒட்டிய நீலப் பட்டையைப் பிய்த்தெடுத்தார். பாதி முடி அதோடு வந்துவிட்டது. அந்த எரிச்சலில், உள்ளிருந்த வலி எது, வெளியில் எரிவது எது என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை.

டாக்டர் ஸ்மிதா தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து கேட்ட எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில். முன்னால் வைத்தியம்? இல்லை. மாத்திரை? இல்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். "எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது. ஆனால் சின்ன விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது. வலி அதிகமானால் உடனே வாருங்கள், எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாம்" என்று சொல்லி, வைட்டமின் எழுதிக் கொடுத்தார். இதில் முதல் வாக்கியத்தை மட்டும் சௌந்தரராஜன் டைரியில் எழுதிக்கொண்டார்.

டைரியில் மூன்று வரிகள் ஆயின. ஓடாதே. ஓடலாம். சுத்தமாக இருக்கிறது. மூன்றாவதைப் பாஸ் பக்கம் போடுவதா, அந்தரத்தில் விடுவதா? இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. கேன்டீனில் உடன் வேலை பார்க்கும் கிருஷ்ணகுமாரிடம், எதைப் பற்றியது என்று சொல்லாமல் கேட்டார். கிருஷ்ணகுமார் பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஹைதராபாத். எதற்கு என்பதற்குக் 'கைக்கு', ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்று ஊர் ஹிந்தி அவர் தமிழில் கலந்து வரும்.

"மூணாவது ஆள் க்ளீன்னு எழுதிட்டு, சந்தேகம்னா மறுபடி கொண்டாங்கன்னும் சொல்றான். அது பாஸா, இல்லையா?"

"க்ளீன்னு எழுதிருக்கான்ல? பாஸ்தான் சார். கைக்கு இவ்ளோ டென்ஷன்?"

"அப்ப மூணுல ரெண்டு பாஸ்."

"ஹவ் சார். ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு அவர் இட்லியில் கவனமானார்.

ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. சௌந்தரராஜன் ஓடினார். டாக்டர் இராமச்சந்திரனின் மாத்திரை, மறுபடி ஒட்டிக்கொண்ட சரத்தின் பட்டை, டாக்டர் ஸ்மிதாவின் வைட்டமின், சகுந்தலாவுக்குத் தெரியாமல் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஐஸ், இணையத்தில் பார்த்து வாங்கிய புது ஷூ, எல்லாம் ஒரே சமயத்தில். இதில்தான் குழப்பம் தலைக்கேறியது. செவ்வாய்க்கிழமை வலியே இல்லை. எதனால்? புதன்கிழமை படியில் இறங்கும்போது உயிர் போயிற்று. எதனால்? ஒரு கருவி தகராறு செய்தால் ஒரு திருகைத் திருப்பிப் பார், இரண்டைச் சேர்த்துத் திருப்பாதே என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர் அவர். இப்போது ஐந்து திருகுகளைச் சேர்த்துத் திருப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார். பத்து நாள் மாத்திரை தீர்ந்ததும் மருந்துக் கடையில் மேலும் ஒரு அட்டை வாங்கினார். நாலரை மணிக்கு இரண்டு பிஸ்கட்டோடு ஒன்று போட்டுக்கொண்டால், ஓடும் நேரத்துக்குக் கால் இருப்பதே தெரியவில்லை. மத்தியானம் அது வட்டியோடு திரும்பி வந்தது.

"ஏங்க, என்னத்துக்கு ஒரு பக்கமா சாஞ்சு நடக்கறீங்க?" என்று சகுந்தலா கேட்டாள்.

"புது ஷூ. பழகணும்."

"வீட்டுக்குள்ள எங்க ஷூ போட்டிருக்கீங்க?"

அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் பதினாறு, ஞாயிறு. அன்று பதினாறு கிலோமீட்டர் ஓட வேண்டும். பதினோராவது கிலோமீட்டரில் சைனிக்புரியின் ஒரு அமைதியான தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்கள். சுபாஸ்ரீ திடீரென்று, "அப்பா, ஒண்ணு சொல்லணும். அம்மாகிட்ட சொல்லாதீங்க. இந்தப் புனே விஷயம் இருக்குல்ல..." என்று ஆரம்பித்தாள்.

அந்தச் சமயம் பார்த்து இடது கால் காலை வாரிவிட்டது. மாத்திரையாவது பட்டையாவது. எலும்புக்குள் யாரோ ஆணி அடித்த மாதிரி இருந்தது. ஒரு வீட்டு வாசல் திட்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வலியில் கண் இருட்டியது. அதிலும் அவர் மனசில் ஓடியது ஒன்றுதான். புனே விஷயம் என்ன?

"சொல்லும்மா, என்னமோ சொல்ல வந்தியே" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் முகம் வெளுத்துப் போய் ஆட்டோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டாக்டர் ஸ்மிதாவின் அறையில் மகள்தான் பேசினாள். அப்பா எல்லாவற்றையும் கோப்பில் தேதி வாரியாக வைப்பவர் என்பது அவளுக்குத் தெரியும். மேஜை இழுப்பறையைத் திறந்து கோப்போடு கொண்டுவந்திருந்தாள். டிஸ்பென்சரி சீட்டு, சரத்தின் அட்டை, மருந்துக் கடை ரசீது, டைரிப் பக்கம் எல்லாவற்றையும் டாக்டர் முன்னால் வரிசையாகப் பரப்பினாள். டாக்டர் தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னிடம் வந்த அன்று காலையில் இந்த வலி மாத்திரை போட்டிருந்தீர்கள்."

"ஆமாம் மேடம்."

"நான் கேட்டபோது இல்லை என்றீர்கள்."

சௌந்தரராஜன் தன் பிரிவின் விதியை விளக்கினார். முதல் அளவு தெரிந்தால் இரண்டாவது அளவு அதன் பக்கம் சாய்ந்துவிடும் என்றார். சுத்தமான அளவு வேண்டும் என்றுதான் மூன்று பேரிடமும் எதுவும் சொல்லவில்லை என்றார். சொல்லச் சொல்ல, தொழிற்சாலையில் அத்தனை கம்பீரமாக ஒலிக்கும் விதி இந்த அறையில் ஏன் இப்படிப் பைத்தியக்காரத்தனமாகக் கேட்கிறது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

டாக்டர் சிரிப்பாரா, திட்டுவாரா என்று தெரியாத முகத்தோடு பார்த்தார். "சார், உங்கள் கருவிகள் பேசாது. அதனால் மூன்று பேர் அளக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் பேசுவீர்கள். வலிக்கிறது என்று நீங்கள் சொல்வதுதான் எங்களுக்கு முதல் அளவு. அதையே மாத்திரை போட்டு மாற்றிவிட்டு எங்களிடம் வந்தீர்கள்."

எம்.ஆர்.ஐ.யில் விரிசல் பளிச்சென்று தெரிந்தது. எட்டு வாரம் ஓடக் கூடாது. முழங்கால் வரை ஒரு கறுப்புக் காலணி, கையில் ஊன்றுகோல். டிஸ்பென்சரி டாக்டர் சொன்ன இரண்டு வாரத்தை அப்போதே கேட்டிருந்தால், ஓட்டத்தை நடந்தாவது முடித்திருக்கலாம் என்றும் டாக்டர் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று சௌந்தரராஜனுக்குத் தோன்றியது.

"வலியோடு எதற்காக ஓடினீர்கள்? மெடலுக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

அவர் மகளைப் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த டைரிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, "நாற்பத்து மூணு நாள்தான் மேடம் இருந்தது. ஒண்ணைக்கூட விட மனசு வரலை" என்றார். தமிழில் சொல்லிவிட்டார். டாக்டருக்குப் புரியவில்லை. புரிய வேண்டியவள் சீட்டுகளைக் கோப்பில் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு அடுக்கியது.

காரில் வரும்போது "கோவமாம்மா?" என்று கேட்டார். "ஏமிலேது" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை அவள் ஓடப் போகவில்லை. தூங்கிக்கொண்டிருந்தாள். இவர் மட்டும் பழக்கத்தில் நாலரை மணிக்கு விழித்து, ஹாலில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார். கோபத்தில் ஓடவில்லையா, இரக்கத்திலா, அசதியிலா? எத்தனை விதமாக யோசித்தும் பிடிபடவில்லை. மூன்று பேரிடம் கேட்கிற விஷயமா இது? சகுந்தலாவிடம் மட்டும் கேட்டுப் பார்த்தார்.

"எனக்கென்ன தெரியும்? நீங்க ரெண்டு பேரும் விடிகாலைல என்ன ரகசியம் பேசிப்பீங்கன்னு என்கிட்ட சொன்னீங்களா?" என்று அவள் காபியை டக்கென்று வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கும் வருத்தம் இருந்திருக்கிறது. இத்தனை நாள் அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை ஐந்து மணிக்கு மகள் அறைக் கதவு திறந்தது. ஷூ நாடாவை இறுக்கும் சத்தம். ஹாலைக் கடந்து போனாள். அவரைப் பார்த்தாள். கேட் கிறீச்சிட்டுச் சாத்திக்கொண்டது. ஸ்கூட்டரில் பின்னால் போகக்கூட இந்தக் கால் விடாது. சௌந்தரராஜன் இனி அவ்வளவுதான் என்று நினைத்தார். கையிலிருந்ததை நானே கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தார்.

பத்து நிமிஷம் கழித்து ஃபோன் அடித்தது. சுபாஸ்ரீ. நாய் துரத்துகிறதோ என்று பதறி எடுத்தார்.

"அப்பா, கேக்குதா?" மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தமும் கேட்டது. "காதுல மாட்டிட்டு ஓடறேன். கட் பண்ணாதீங்க."

"கேக்குது, கேக்குது. அன்னிக்கி புனேன்னு ஆரம்பிச்சியேம்மா, அது என்ன?"

"அது அப்புறம். முதல்ல நீங்க சொல்லுங்க. வலிக்குதா?"

இல்லை என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இத்தனை நாளில் அதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்! அவர் காலைப் பார்த்தார். கறுப்புக் காலணிக்குள் அது விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது.

"வலிக்குது" என்றார். "ரொம்ப வலிக்குதும்மா."

"எங்க? எப்பலேருந்து? முழுசாச் சொல்லுங்க. எனக்கு இன்னும் நெறைய தூரம் இருக்கு."

ஜூலை பத்தொன்பதாம் தேதி ஷூ கழற்றியதிலிருந்து அவர் ஆரம்பித்தார். எதையும் விடவில்லை. கழிவறையில் பட்டையைப் பிய்த்தது, நாலரை மணி பிஸ்கட், காலண்டரில் நாள் எண்ணியது வரை எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் அவள் ஊம் கொட்டிக்கொண்டே ஓடினாள். அவர் சொல்லி முடித்தபோது அவள் ஏழு கிலோமீட்டர் ஓடியிருந்தாள்.